கோடைக் கரண்ட் பில் 780 யூனிட்: எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது?

மொட்டைமாடி:
அனைவருக்கும் வணக்கம். சென்னையில் இரண்டு மாடி வீடு, மேல்தளத்தில் நாங்கள், கீழே வாடகைக்கு ஒரு குடும்பம். தனித்தனி மீட்டர். சித்திரை, வைகாசி பில் 780 யூனிட் வந்திருக்கிறது. வீட்டில் உள்ளவை: ஒன்றரை டன் 3 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி ஒன்று (இரவு 8 மணி நேரம், 22 டிகிரி), சாதாரண சீலிங் ஃபேன் மூன்று, 250 லிட்டர் ஃபிரிட்ஜ், 1 எச்பி சப்மெர்சிபிள் மோட்டார், 150 ஏஎச் பேட்டரியோடு யுபிஎஸ். கேஸ் 45 நாளுக்கு ஒரு சிலிண்டர்.

செலவும் குறைய வேண்டும், காற்றில் கலக்கும் கார்பனும் குறைய வேண்டும். 5 ஸ்டார் ஏசி மாற்றுவதா, சோலார் போடுவதா, கேஸை விட்டு இண்டக்‌ஷனுக்குப் போவதா? எதை முதலில் செய்வது?

கணக்குப்பிள்ளை:
எதை வாங்குவதற்கு முன்னும் ஸ்லாப்பை, அதாவது யூனிட் கூடக் கூட விலை ஏறும் படிகளைப் புரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால்: முதல் 100 இலவசம், 101–200 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201–400க்கு 4.70, 401–500க்கு 6.30. ஆக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய்.

ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 101–200க்கான 2.35 சலுகை போய்விடும், அந்த 100 யூனிட்டும் 4.70க்கு ஏறும். அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். அதற்கு மேல் 501–600க்கு 8.40, 601–800க்கு 9.45, 801–1000க்கு 10.50, ஆயிரத்தைத் தாண்டினால் 11.55.

உங்கள் 780க்கு 4,581 ரூபாய். 500க்கு இறக்கினால் 2,776 ரூபாய் மிச்சம். அதாவது நீங்கள் குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் சராசரியாக 9.90 ரூபாய். '500க்கு 1,805தானே, யூனிட் மூன்றரை ரூபாய்தானே' என்று சராசரி போட்டுப் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். மேலே உள்ள யூனிட்தான் முதலில் கழியும், அதற்குத்தான் விலை அதிகம்.

இன்னொன்று, கணக்கெடுக்கும் நாள். தினம் 13 யூனிட் ஓடும் வீட்டில் ரீடிங் மூன்று நாள் தள்ளி எடுத்தால் 39 யூனிட் மேல்ஸ்லாப்பில் விழும். அட்டையில் முந்தைய தேதி இருக்கும். 60ஆம் நாள் காலையில் மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் முறையிட வேண்டிவந்தால் கையில் சான்று இருக்கும்.

உத்தேசமாகப் பிரித்தால்: ஏசி 420, ஃபேன் 180, ஃபிரிட்ஜ் 55, மோட்டார் 35, யுபிஎஸ் 30, மற்றவை 60. கூட்டினால் 780.

ஒயர்மேன்67:
உத்தேசம் வேண்டாம் சார், மீட்டரையே கேளுங்கள். அது பதில் சொல்லும்.

மீட்டர் முகப்பில் சிவப்பாக ஒரு எல்இடி மினுக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 1600 அல்லது 3200 துடிப்பு என்று அச்சடித்திருக்கும். 3200 என்றால் பத்து மினுக்கலுக்கு 3.125 வாட்-மணி. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்து மினுக்கலுக்கு எத்தனை நொடி என்று பாருங்கள். 11,250ஐ அந்த நொடியால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். 45 நொடி என்றால் 250 வாட். 1600 மீட்டரானால் 11,250க்குப் பதில் 22,500. முதல் மினுக்கலில் வாட்சைத் தட்டும்போது எண்ணிக்கை சுழியம். அதையே ஒன்று என்று எண்ணினால் கணக்கு தப்பும்.

செய்யும் முறை: இரவு எல்லோரும் படுத்தபின், ஏசியை நிறுத்தி, ஃபிரிட்ஜ் பிளக்கை எடுத்துவிட்டு ஒரு தடவை அளவெடுங்கள். பிறகு யுபிஎஸ்ஸின் இன்புட் பிளக்கை எடுத்துவிட்டு இன்னொரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் யுபிஎஸ் சும்மா தின்பது. யுபிஎஸ் சுமையில் ஓடும் ஃபேன், லைட்டையெல்லாம் முதலில் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அவையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். கடைசியில் மெயினை இறக்குங்கள், மினுக்கல் முழுதாக நிற்க வேண்டும்.

கூடவே 'ஈ.எல்.' என்று போட்ட இன்னொரு சிவப்பு விளக்கு இருக்கிறதா பாருங்கள். அது எரிந்தால் பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இல்லை என்று அர்த்தம். ஒரே கட்டடத்தில் இரண்டு சர்வீஸ் இருக்கும் வீடுகளில் இது நான் பார்த்தவரை சர்வசாதாரணம்.

குளிர்பெட்டி:
ஏசியை மாற்றுமுன் இருக்கிற ஏசியைச் சரியாக ஓட்டுங்கள்.

22ஐ 26 ஆக்கி, ஃபேனை இரண்டாம் நம்பரில் விடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகமான பீஇஇ சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் புது ஏசிகள் ஆன் செய்ததும் 24இல் தொடங்க வேண்டும் என்று விதித்ததும் அதனால்தான். நான்கு டிகிரிக்கு இருபது சதவீதத்துக்கு மேல் வரும்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவுங்கள், தண்ணீர் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். வெளி யூனிட் விடும் சூடான காற்று எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி அதற்குள்ளேயே போகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். மேல்தளத்து ஷாஃப்ட்டுக்குள், இரண்டு சுவருக்கிடையில் வைத்த யூனிட்டுகள் எவ்வளவு ஸ்டார் இருந்தாலும் கரண்ட் குடிக்கும்.

ஸ்டார் லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கு. உங்களுடையது நாளைக்கு 8 மணி என்றால் 200 நாளில் அது தீர்ந்துவிடும். இதை வைத்துத்தான் 3 ஸ்டாரையும் 5 ஸ்டாரையும் ஒப்பிட வேண்டும். ஓட்டம் குறைவான வீட்டில் நன்றாக இருக்கும் ஏசியைத் தூக்கிப்போட்டு 5 ஸ்டார் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி கார்பன் பக்கம். இதைப் பேசுகிறவர்கள் குறைவு. உங்கள் ஏசிக்குள் குளிரூட்டும் கேஸ் ஆர்-32 என்று வைத்தால், அதன் வெப்பமாக்கும் திறன் அதே எடை கரியமில வாயுவைப்போல 675 மடங்கு. ஆர்-410ஏ என்றால் 2,088 மடங்கு. 900 கிராம் ஆர்-32 கசிந்து போனால் 600 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 420 யூனிட் ஏசி மின்சாரத்துக்கே 300 கிலோதான். ஒரு கசிவு, இரண்டு கோடைப் பில்லின் ஏசி ஓட்டத்தைத் தின்றுவிடும்.

ஆகவே வருடாவருடம் 'கேஸ் டாப்-அப்' போடுவதை ஏற்காதீர்கள். கேஸ் எரிந்து தீரும் பொருளில்லை, குறைந்தால் எங்கோ ஓட்டை. பெரும்பாலும் செப்புக்குழாயின் விரித்த வாயைப் பிடிக்கும் ஃபிளேர் நட்டில்தான். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி விடும். ஃபிளேரை வெட்டிப் புதிதாக விரித்து, டார்க் ஸ்பேனரில் இறுக்கி, நைட்ரஜன் அழுத்தத்தில் பிடித்துப் பார்த்து, வேக்குவம் பம்பை அரைமணி நேரமாவது ஓட்டி, பிறகு தராசில் நிறுத்துக் கேஸ் ஏற்ற வேண்டும். வேக்குவம் பம்பைக் கொண்டுவராமல், உள்ளே இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் குழாயிலுள்ள காற்றைத் தள்ளுகிறவரிடம் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். ஈரம் உள்ளே தங்கி கம்ப்ரஸர் கெடும். ஆர்-32 லேசாகத் தீப்பற்றும் வகை என்பதும் நினைவிருக்கட்டும். வீடு மாறும்போது கழற்றுவதற்கு முன் 'பம்ப் டவுன்' செய்து கேஸை வெளி யூனிட்டுக்குள் அடைக்கச் சொல்லுங்கள்.

ஒயர்மேன்67:
ஃபேன் விஷயம் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபேன் முழு வேகத்தில் 70–75 வாட், பிஎல்டிசி (காந்த மோட்டாரை சர்க்யூட் போர்டு ஓட்டும் புதுவகை ஃபேன்) 28–32. மூன்று ஃபேனும் சேர்ந்து நாளைக்கு 42 மணி ஓடினால் இரண்டு மாதத்தில் 180 யூனிட் 76 ஆகும். சுமார் 104 யூனிட் மிச்சம்.

ஆனால் எப்போதும் மூன்றாம் நம்பரில் ஓடுகிற அறைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. படியில் கிளிக் கிளிக் என்று திரும்பும் கெபாசிட்டர் ரெகுலேட்டரில் வேகம் குறைந்தால் வாட்டும் குறையும், ஆகவே அங்கே மிச்சம் சுருங்கும். அதிக நேரம் முழு வேகத்தில் ஓடும் அறையில் முதலில் மாற்றுங்கள். பெட்டி மாதிரிப் பெரிய, தொட்டால் சுடும் பழைய ரெகுலேட்டர் எங்காவது இருந்தால் அதை இன்றே எடுத்துவிடலாம்.

பிஎல்டிசி மாட்டும்போது சுவரிலுள்ள ரெகுலேட்டரைக் கழற்றி ஒயரை நேராக இணைக்க வேண்டும். ரெகுலேட்டர் வழியே விட்டால் போர்டு போகும். எர்த் ஒயர் ஃபேன் வரை வந்திருக்க வேண்டும். வாங்கும்போது சர்க்யூட் போர்டு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், மோட்டார் நன்றாக இருக்க போர்டு மட்டும் இடியிலும் வோல்டேஜ் ஏற்றத்திலும் போவதுதான் வழக்கம்.

புது ஃபேன் வாங்க வசதியில்லை, பழையது மெதுவாகச் சுற்றுகிறது என்றால் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை மாற்றிப் பாருங்கள். காற்று வராததால் ஏசியைப் போடும் வீடுகள் உண்டு.

செம்மண்:
மேல்தளம் என்று சொன்னபிறகும் யாரும் கூரையைத் தொடவில்லையே. சித்திரை வெயிலில் காங்கிரீட் தளம் பகல் முழுதும் சூட்டை வாங்கி, நீங்கள் ஏசி போடும் இரவு பத்து மணிக்குத்தான் அறைக்குள் இறக்குகிறது. ஏசியின் முதல் இரண்டு மணி நேர உழைப்பு அதை எதிர்த்துத்தான். இரவு ஒன்பதுக்குக் கட்டில்மேல் ஏறி விட்டத்தைத் தொட்டுப் பாருங்கள், சுவரைவிடச் சூடாக இருந்தால் அதுதான் உங்கள் நோய்.

பழைய வீடுகளில் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய், வெல்லத் தண்ணீர் விட்டுக் கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். மழைநீர் வடிய மட்டுமல்ல, சூடு இறங்காமலிருக்கவும் அதுவே காவல். இப்போது அந்த அடுக்கை மெலிதாக்கிவிட்டு வெறும் டைல்ஸ் ஒட்டுகிறார்கள்.

மலிவான வழி வெள்ளைப் பூச்சு. மாசி, பங்குனியில், வெயில் முற்றுமுன் செய்யுங்கள். தளத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாசி, தூசி இல்லாமல் கழுவ வேண்டும். விரிசல்களை முதலில் அடையுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே நீர்த்து, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குப் பசை கலந்து, பால் பதத்தில் எடுங்கள். தளத்தை நனைத்து, சாயங்கால நிழலில் மெல்லியதாக ஒரு கோட். மறுநாள் குறுக்குவாட்டில் இரண்டாவது. கெட்டியாக ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்தால் ஒரு மாதத்தில் செதில் செதிலாக உரியும். காய்ந்த தளத்தில் வெயிலில் அடித்தாலும் அப்படித்தான்.

ரெடிமேட் கூல் ரூஃப் பெயிண்ட் அதிக ஆண்டு தாங்கும். ஆனால் எதுவானாலும் தூசி படிந்து சாம்பல் நிறமானால் பயன் போகும், வருடம் ஒருமுறை கழுவ வேண்டும். மழைநீர் சம்புக்குப் போகும் வீடாக இருந்தால் பூச்சு போட்டபின் முதல் இரண்டு மழையைத் தெருவுக்குத் திருப்பிவிடுங்கள்.

மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ வெளியில் தொங்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
கேஸ் கேள்விக்கு யாரும் வரவில்லை. இண்டக்‌ஷன் போட்டால் கார்பன் குறையும் என்பது நம் ஊர் மின்சாரத்தில் இப்போதைக்குச் சரியில்லை. எண்ணைப் பாருங்கள்.

14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நல்ல அடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு பாத்திரத்துக்குப் போகிறது, அதாவது 120. அதே 120ஐ இண்டக்‌ஷனில் பெற, 85 சதவீதத் திறனில், 140 யூனிட் வேண்டும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் 100 கிலோ. சிலிண்டரை எரித்தால் 43 கிலோ. இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். நிலக்கரி குறையக் குறைய இது மாறும், இன்றைய நிலை இதுதான்.

செலவு எந்த ஸ்லாப்பில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. 140 யூனிட் 4.70 ஸ்லாப்பில் விழுந்தால் 658 ரூபாய், 9.45 ஸ்லாப்பில் விழுந்தால் 1,323. சிலிண்டர் விலையோடு நீங்களே ஒப்பிடுங்கள்.

சூரியத்தகடு:
கணக்கு சரி, ஆனால் பகல் பதினொரு மணிக்கு உங்கள் கூரையில் சோலார் உற்பத்தியாகிக்கொண்டிருக்கும்போது அதில் சமைத்தால்? கொடுத்த யூனிட்டை வாங்கியதில் கழிக்கும் நெட் மீட்டரில் கொடுத்தாலும் வாங்கினாலும் பணக்கணக்கு ஒன்றுதான்.

கணக்குப்பிள்ளை:
உங்கள் பணக்கணக்கு ஒன்றுதான் சார், கார்பன் கணக்கு வேறு. அந்த யூனிட்டை நீங்கள் சமையலுக்கு எடுக்காவிட்டால் அது பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கே நிலக்கரி மின்சாரத்தைத் தள்ளியிருக்கும். சோலார் போடுங்கள், நல்லதுதான். ஆனால் கேஸை மாற்றியதால் கார்பன் குறைந்ததாக எழுதக் கூடாது. கேஸ் அடுப்பிலேயே குறைக்க இடமிருக்கிறது: பருப்பு, கொண்டைக்கடலையை ஊறவைத்துக் குக்கரில் போடுவது, விசில் வந்ததும் சிறுபர்னருக்கு மாற்றுவது, சுவாலை பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டாமல் வைப்பது. சுவாலை மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் பர்னர் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

சூரியத்தகடு:
அதை ஏற்றுக்கொள்கிறேன். பகலில் உற்பத்தி அதிகமாகி, கூரையிலிருந்து வெளியே போக முடியாத ஊரில்தான் என் வாதம் நிற்கும்.

இனி உங்கள் கூரைக்கு. ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சராசரி 4 யூனிட். 2 கிலோவாட் இரண்டு மாதத்தில் 480 யூனிட் தரும். 780இல் 480 போனால் 300, பில் 705 ரூபாய் (நெட்வொர்க் கட்டணம் ஏதாவது இருந்தால் தனி). 3 கிலோவாட் என்றால் 720 வந்து இலவச 100க்குள் அடங்கிவிடும். ஆனால் மார்கழியில் உங்கள் வீடு 400 யூனிட்தான் ஓடும் என்றால் பில்லே 1,175தான், அங்கே மூன்றாவது கிலோவாட்டுக்கு வேலை இல்லை. மேலே மற்றவர்கள் சொன்னதைச் செய்துவிட்டு வந்தால் 2 போதும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். உள்நாட்டுச் செல்லால் செய்த பேனலுக்கு மட்டுமே மானியம். வருடம் 2,900 யூனிட் என்றால் சுமார் 2 டன் கரியமில வாயு.

போடுமுன் காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு மாடியில் நிழலைப் போட்டோ எடுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரே பேனலின் ஓரத்தில் விழுந்தாலும் வரிசை முழுதும் சரியும். தெற்கு நோக்கி 10–13 டிகிரி சாய்வு சென்னைக்குப் போதும். தளத்தில் துளை போட்டு போல்ட் இறக்க விடாதீர்கள், தட்டோட்டை உடைத்தால் இரண்டு மழையில் ஒழுகும். மேலே காங்கிரீட் பீடம் கட்டி அதில் நிறுத்தச் சொல்லுங்கள், புயல் காற்றுக்குப் பீடத்தின் எடை கணக்கிட்டிருக்க வேண்டும். இடிதாங்கி, பேனல் பக்கத்து டிசி கரண்ட், வீட்டுப் பக்கத்து ஏசி கரண்ட் மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி. மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் விண்ணப்பம் போகும், தாத்தா பேரில் இருந்தால் முதலில் பெயர்மாற்றம். பேட்டரி இல்லாத சோலார் கரண்ட் போனால் நின்றுவிடும், லைனில் வேலை செய்பவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

மொட்டைமாடி:
எல்லோருக்கும் நன்றி. ஒயர்மேன் சார் சொன்னபடி அளந்தேன். 3200 மீட்டர். ஏசி, ஃபிரிட்ஜ் இல்லாமல், யுபிஎஸ் சுமை எல்லாம் நிறுத்தி, பத்து மினுக்கலுக்கு 62 நொடி. யுபிஎஸ் பிளக்கை எடுத்தபின் 98 நொடி. பேட்டரி வாங்கி ஐந்து வருடம். ஈ.எல். விளக்கு சாதாரணமாக எரியவில்லை, மோட்டார் போடும்போது மட்டும் எரிகிறது.

ஒயர்மேன்67:
62 நொடிக்கு 181 வாட், 98க்கு 115. யுபிஎஸ் மட்டும் 66 வாட் ராவும் பகலும். இரண்டு மாதத்துக்கு 95 யூனிட். மேலே 30 என்று போட்டது இங்கே மூன்று மடங்கு. பேட்டரியில் ஒரு செல் படுத்திருக்கும், சார்ஜர் நிரப்பிக்கொண்டே இருக்கும். நிரம்பிய நிலையில், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லையும் பாருங்கள். ஐந்து 1.220–1.240 காட்டி ஒன்று மட்டும் 1.180 என்றால் பேட்டரி மாற்ற வேண்டியதுதான். கையால் தொட்டு அந்த மூலை மட்டும் சூடாக இருந்தாலும் அதுவே. பழையதைக் காயலான் கடைக்குப் போடாமல் பேட்டரிக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், ஈயமும் அமிலமும் சாக்கடைக்குப் போகக் கூடாது.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் ஏசி 420 இல்லை, 355 பக்கம். என் கணக்கைத் திருத்துகிறேன்: ஃபேன் 104, ஏசி 26 டிகிரியில் 70, நல்ல பேட்டரி போட்டால் 66. மொத்தம் 240. 780 போய் 540. இன்னும் 40 யூனிட், அது செம்மண் சொன்ன கூரையில் இருக்கிறது.

மொட்டைமாடி:
மோட்டார் போட்டால் ஈ.எல். எரிவது என் பில்லைக் கூட்டுகிறதா?

ஒயர்மேன்67:
உங்களுடையதை இல்லை. கீழே இருப்பவர்களுடையதை.

மோட்டாருக்குப் பேஸ் உங்கள் மீட்டரிலிருந்து போகிறது, நியூட்ரல் கீழ்வீட்டு மீட்டர் வழியாகத் திரும்புகிறது என்றுதான் தோன்றுகிறது. இப்போதுள்ள பல மீட்டர்கள் பேஸ், நியூட்ரல் இரண்டில் எதில் கரண்ட் அதிகமோ அதை எடுத்து எண்ணும், திருட்டைத் தடுக்க அப்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் மீட்டர் மோட்டாரை எண்ணுகிறது. கீழே உள்ள மீட்டர் நியூட்ரலில் வரும் அதே கரண்டை மறுபடி எண்ணுகிறது. ஒரே தண்ணீருக்கு இரண்டு வீடும் கட்டுகிறீர்கள். மோட்டார் ஓடும்போது கீழ்மீட்டரின் ஈ.எல். விளக்கும் எரிகிறதா பாருங்கள்.

உறுதிசெய்ய: கீழே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் அவர்கள் டபுள் போல் மெயினை இறக்குங்கள். மோட்டாரைப் போடுங்கள். ஓடவில்லை என்றால் நியூட்ரல் அங்கிருந்துதான். உடனே மோட்டார் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் கீழ்வீட்டு நியூட்ரல் ஒயரில் 230 வோல்ட் நிற்கும், யாரும் எதையும் தொடக் கூடாது. பிறகு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து ஸ்டார்ட்டர் பெட்டிக்கு உங்கள் டிபியிலிருந்தே (வீட்டு ஒயர்கள் பிரியும் பெட்டி) தனி நியூட்ரல் இழுங்கள், 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர். இரண்டு விளக்கும் அணைந்தால் வேலை முடிந்தது.

மொட்டைமாடி:
கீழே எரிகிறது சார். இப்போதுதான் இறங்கிப்போய்ப் பார்த்தேன். வாடகைக்கு வந்ததிலிருந்து எத்தனை பில் என்று அவர்களிடம் கேட்டு, மோட்டார் யூனிட்டைக் கணக்குப் போட்டு வாடகையில் கழித்துவிடுகிறேன். நாளைக்கு எலக்ட்ரீஷியன் வருகிறார்.